டேப்பட் சத்தம்

கோவில்பட்டியில் பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். கயத்தாறுப் பக்கம் ஒரு பெண், இறந்துபோன கணவரின் டர்ட் பைக்கை விற்பதற்காக, வால்வு தளர்ந்து ‘டிக் டிக்’ என்று வரும் டேப்பட் சத்தத்தைச் சரிசெய்யக் கூப்பிட்டார்.

“அவிய போனபெறகு யாரும் அதைத் தொடல அண்ணாச்சி” என்றார்.

ஊருக்கு வெளியே, கரிசல் காட்டு நடுவில் இருந்த பம்புசெட் அறையில் பைக் நின்றது. காலை நேரம்; கண்ணுக்கெட்டிய வரை ஆளில்லை. தனியாகத்தான் உள்ளே போனேன். வால்வு இடைவெளியைக் குளிர்ந்த இன்ஜினில்தான் அளக்க வேண்டும். தொட்டுப் பார்த்தேன். சுட்டது. யாரும் தொடாத வண்டியாயிற்றே என்று சட்டெனக் கையை இழுத்துக்கொண்டேன்.

“நாந்தாம்யா.”

வாசலில் இறந்தவரின் அப்பா நின்றார். “தெனமும் உதைச்சு ஓடவிடுதேன். அந்தச் சத்தம் கேட்டா அவன் வாரான்னு இருக்கு. மருமவகிட்ட சொல்லிராதீய.”

வாங்குகிறவர் நம்பி ஓட்ட வேண்டுமே. சூடு ஆறும்வரை காத்திருந்து வால்வைச் சரிசெய்து உதைத்தேன். இன்ஜின் சீராக ஓடியது. டிக் டிக் இல்லை. பெரியவர் தலையைச் சாய்த்து வெகுநேரம் கேட்டார். பிறகு வெளியே வண்டிப்பாதையைப் பார்த்தார்.

“இனி வரமாட்டான்” என்றார்.

வேலையைச் சரியாகத்தான் செய்தேன். ஆனாலும் இப்போதெல்லாம் டேப்பட் பார்த்து முடித்த வண்டியை உதைக்குமுன், பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.