நெல்லைக்கு ஒரு வார்த்தை

தும்மல்

"இந்த வருஷத்தை ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்று மைக்கை நீட்டினேன். தச்சநல்லூர் பெரியவர் பேச ஆரம்பித்தார். சாக்கடைக்குத் தோண்டிய ரோடு, அதில் மருமகன் பைக்கோடு விழுந்தது, மருமகனின் குணம் என்று போய்க்கொண்டே இருந்தார். என் கை வலித்தது. மைக் பிடிப்பது ஆளைப் பேசவைக்கிற வேலை என்று நினைப்பீர்கள். இல்லை, நிறுத்துகிற வேலை. முதலாளி செல்போனில் எதையோ பார்த்துவிட்டு உங்களை வெயிலில் விரட்டியிருந்தால் நீங்களும் என் கட்சிதான்.

"ஒரு வார்த்தை போதும் தாத்தா" என்றேன்.

"ஒரே வார்த்தைல முடிக்க, அது என்னலே, தும்மலா?"

ஜப்பான்

நான் பன்னிரண்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். உள்ளூர் கேபிள் சேனலில் ஒரு மாதம் சோதனைக்கு வைத்திருக்கிறார்கள். தேறாவிட்டால் அப்பா டுடோரியலில் தள்ளிவிடுவார்.

ஒவ்வொரு மொழிக்காரரும் வருஷத்துக்கு ஒரு சொல் தேர்ந்தெடுப்பதை முதலாளி அண்ணாச்சி பார்த்திருக்கிறார். இங்கிலீஷில் ஒரு வருஷம் 'மூளை அழுகல்', அதாவது போனே கதியென்று கிடந்து மூளை மழுங்கிப்போவது. ஜப்பானில் கோயிலில் வைத்துப் பெரிய தூரிகையால் ஒரே எழுத்தாக எழுதுவார்கள். ஒரு வருஷம் அது 'தங்கம்'. நிகழ்ச்சிக்கு விளம்பரம் தருவது ஒரு நகைக்கடை. நெல்லையின் சொல்லும் தங்கமாக இருந்தால் நல்லது என்றார் அண்ணாச்சி.

"மூளை அழுகலை உன்னப் பாத்துதாம்லே எடுத்திருப்பான். நமக்கு ஜப்பான்தான் சரி."

ஆதார்

விக்கிரமசிங்கபுரத்தில் மில் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்தவரை நிறுத்தினேன். கேள்வியை மூன்று தடவை கேட்டார். வீட்டுக்குப் போன் போட்டு மனைவியிடம் கலந்தார். பிறகு சைக்கிளில் ஏறி உட்கார்ந்துகொண்டு, பைய என்னிடம் குனிந்தார்.

"சொல்லிட்டா, அப்புறம் அதையும் ஆதாரோட இணைக்கச் சொல்லுவாவளோ?"

வாழை

ஸ்ரீவைகுண்டத்தில் முந்தின நாள் காற்றில் வாழை படுத்துக் கிடந்தது. குலை முற்றவே இல்லை. குத்தகைக்குப் பயிர் வைத்த அக்கா ஒருத்தர் அரிவாளோடு நின்றார். கேட்டேன்.

"சாஞ்சிட்டு" என்றார். அவ்வளவுதான். அந்த வாரம் முழுக்க ஒரே வார்த்தையில் பதில் சொன்னவர் அவர் மட்டும்தான்.

அண்ணாச்சி சொன்னதற்காக, "தங்கம்னு ஒரு தடவ சொல்லுங்கக்கா" என்றேன். காதைத் தொட்டுக் காட்டினார். கம்மல் இருந்த இடத்தில் வேப்பங்குச்சி.

"தங்கம் பேங்குல கெடக்கு. மைக்க அங்கன கொண்டு போ."

வெட்டு

அண்ணாச்சி அந்த அக்கா பேசியதை இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்லாத்தாம்லே இருக்கு, வெட்டிரு. காலைல நகைக்கடை வாசல்ல நாலு பேரத் தங்கம்னு சொல்ல வச்சுக் கொண்டா. இல்லன்னா வேலைக்கு வராத."

மற்ற மொழிக்காரர்கள் ஊர் பேசியதிலிருந்து சொல்லை எடுக்கிறார்கள், எங்கள் சேனல் சொல்லை எடுத்துவைத்துவிட்டு அதைப் பேச ஆள் பிடித்து வரச் சொன்னது. காலையில் நான் நகைக்கடைக்கும் போகவில்லை, வேலைக்கும் போகவில்லை.