பொத்தானை வரிசையில் நிற்கவைத்தேன்

அயலில் உள்ள வசந்தியின் கச்சான் (நிலக்கடலை) தோட்டத்துத் தண்ணீர் மோட்டரை இயக்கும் பெட்டிக்கு நிரல் எழுதியது நான்.

நிறுத்தும் பொத்தானை அழுத்தினால், நிரல் செய்துகொண்டிருந்ததை விட்டுவிட்டு உடனே மோட்டரை நிறுத்தும். இப்படிக் குறுக்கிடுவது ஒழுங்கில்லை என்று நினைத்து, முன்னால் உள்ள வேலைகள் முடியும்வரை பொத்தானும் வரிசையில் காத்திருக்கும்படி நேற்று மாற்றினேன். இருபது தரம் சோதித்தும் பார்த்தேன்.

இன்று கைபேசி சிக்னல் இல்லை. மோட்டர் ஓடுகிறது என்ற குறுஞ்செய்தியை நிரல் அனுப்ப முயன்றபடியே இருந்தது. பொத்தான் அதன் பின்னால் காத்து நின்றது.

வசந்தி ஓடிவந்தார். "மாஸ்டர், நாலுதரம் அமத்திப்போட்டன், உங்கட பெட்டி கேக்குதில்லை! நாளைக்குப் பிடுங்க மண் இளகட்டும் எண்டுதானே தண்ணி விட்டனான். இப்ப குளமாக் கிடக்கு."

நான் போய் மெயின் சுவிட்சை நிறுத்தியபோது, முற்றிய கச்சான் முழுவதும் தண்ணீருக்குள். இனி அழுகிவிடும்.

மன்னிப்புக் கேட்க நினைத்தேன். அவர் தாயிடம் அழுதபடி சொல்லிக்கொண்டிருந்தார். முடிக்கட்டும் என்று வாசல் படலையடியில் காத்து நின்றேன். அவர் முடிக்கவேயில்லை; மன்னிப்புக் கேட்காமலே திரும்பிவிட்டேன்.

குறுக்கே பேசத் தெரிந்தவர்கள், எப்படித் தொடங்குவது என்று எழுதுங்கள்.