நாலு கறுப்புக் கட்டை

பதினொரு வருடங்களாகக் கோயிலில் என்னை 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிட்டார்கள். நான் முல்லைத்தீவுக் கரையில் படகு எஞ்சின் திருத்துகிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் கிறீஸ் போகக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுப் பாடகர் குழாமுக்குக் கீபோர்ட் வாசிப்பேன். எனக்குத் தெரிந்தது சி மேஜர் ஒன்றுதான். அதில் கறுப்புக் கட்டையே கிடையாது, வெள்ளையில் போய் வந்தால் போதும். மற்றச் சுருதிகளை ட்ரான்ஸ்போஸ் பட்டன் பார்த்துக்கொள்ளும். அதை நாலு தரம் அமத்திவிட்டு நான் சி வாசித்தால் ஸ்பீக்கரில் ஈ மேஜர் வரும். ஈ என் மனைவியின் சுருதி, குழாமில் தனிக்குரல் அவளுடையது. பட்டனைப் பற்றி அவளிடம்கூட நான் மூச்சு விட்டதில்லை.

அந்தோனியார் திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது அந்தப் பட்டன் சனியன் செத்தது. கழற்றிப் பார்த்தேன். உப்புக்காற்று உள்ளே செம்பைப் பச்சை பிடிக்கத் தின்றிருந்தது. எத்தனை எஞ்சினுக்கு உயிர் கொடுத்த கை இது! சுரண்டினேன், ஊதினேன், கடைசியில் பட்டனில் மிச்சமிருந்ததையும் உடைத்தேன்.

"இஞ்சேர், காணிக்கைப் பாட்டை இந்த முறை சியில பாடிப் பாப்பமே?" என்று அவளிடம் மெல்லக் கேட்டேன். பாடினாள். கீழ் வரிகள் கிணற்றுக்குள்ளிருந்து வந்தன.

"என்ர தொண்டை என்ன உங்கட எஞ்சினே, கூட்டிக் குறைக்க? எப்பவும் வாசிக்கிற மாதிரி வாசியுங்கோ" என்றாள்.

வேறு வழி? திருத்த வேண்டும் என்று சொல்லிக் கீபோர்டைப் பட்டறைக்குக் கொண்டுபோய், கதவைச் சாத்திவிட்டு, ஃபோனில் பாடம் பார்த்தேன். நாற்பத்தாறு வயதில்! மேஜர் ஸ்கேல் என்றால் ஒரே நடைதானாம்: முழுசு, முழுசு, அரை, பிறகு முழுசு, முழுசு, முழுசு, அரை. முழுசு என்றால் இடையில் ஒரு கட்டை விட்டு, அரை என்றால் அடுத்த கட்டை. எங்கே தொடங்கினாலும் இந்த நடை மாறாது. ஈயில் தொடங்கி நடந்தால் எஃப், சி, ஜி, டி நாலும் சார்ப், நாலும் கறுப்புக் கட்டை. பாட்டுத் தாளில் இதை வரியின் தொடக்கத்திலேயே அடையாளம் போட்டுவிடுவார்கள். உள்ளே ஒருவரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள், நாமேதான் காக்க வேண்டும். அட, கலியாண வார்த்தைப்பாடும் இப்படித்தானே! பீடத்தில் ஒருதரம் சொல்லிவிட்டு வந்ததுதான்.

எட்டு நாள் அந்த நாலு கட்டையோடும் மல்லுக்கட்டினேன். டி சார்ப்பை மறந்த போதெல்லாம் வாயில் வந்த வார்த்தைகளை அந்தோனியார் கேட்டிருக்கக் கூடாது. ஒன்பதாம் நாள் பாட்டு பிழையில்லாமல் வந்தது. சத்தியமாக, அன்றைக்குத்தான் என்னை நானே மாஸ்டர் என்று நினைத்துக்கொண்டேன்.

திருவிழாக் காலை அவளுக்குத் தடிமன். கோயில் வாசலில் மூக்கைத் துடைத்தபடி சொன்னாள்:

"மேல ஏறாது போல கிடக்கு. காணிக்கைப் பாட்டை அரைக்கட்டை குறைச்சு வாசியுங்கோ."

"ஓம்" என்றேன். பதினொரு வருடப் பழக்கம். முந்தியென்றால் பட்டனில் ஒரு அமத்தல்.

தொடக்கப் பாட்டு எல்லாரும் சேர்ந்து பாடுவது. சியில் சமாளித்தேன். பிரசங்கம் நடக்கும்போது கீபோர்டின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, ஈக்கு அரைக்கட்டை கீழே இருக்கும் ஈ ஃபிளாட்டிலிருந்து முழுசு, முழுசு, அரை என்று தடவினேன். தலைக்கு நடை தெரிந்தது, ஆனால் விரல்கள் பழகிய கட்டைக்கே ஓடின. வியர்த்துச் சேட்டு நனைந்துவிட்டது. ஃபாதர் முடிக்கப் போகிறார் என்று தெரிந்ததும் அவள் பக்கம் சாய்ந்தேன்.

"எனக்கு ஏலாது. பட்டன்தான் இவ்வளவு நாளும் சுருதி மாத்தினது. அது செத்துப்போச்சு. பழகினது ஈ மட்டும்தான்."

"பதினொரு வருசமாவே?"

"ஓம்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. பீடத்தைப் பார்த்தபடி, "பழகினதிலயே வாசியுங்கோ" என்றாள்.

வாசித்தேன். ஒரு சார்ப்கூடத் தவறவில்லை. அவள் கடைசி வரியில் உச்சத்துக்கு ஏறினாள், குரல் இரண்டாகப் பிளந்தது. கோயில் நிறையச் சனம். முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்ததை நான் கண்டேன். அவள் நிறுத்தாமல் பாடி முடித்தாள்.

பூசை முடிந்து முற்றத்தில் நின்றபோது குழாமில் பாடும் ஓட்டோக்காரர் என் கையைப் பிடித்தார்.

"மாஸ்டர், இண்டைக்கு அந்தமாதிரி வாசிச்சீங்கள்! அக்காதான் கொஞ்சம் கெடுத்துப்போட்டா."

அவள் பக்கத்தில்தான் நின்றாள். மூக்கைத் துடைத்தாள்.

"அவ கெடுக்கேல்லை. குறைச்சு வாசிக்கச் சொன்னவ, எனக்குத் தெரியேல்லை. எனக்கு ஒண்டும் தெரியாது, இவ்வளவு நாளும் பட்டன்தான் வாசிச்சது" என்று முற்றத்துக்கே கேட்கச் சொன்னேன்.

அன்றோடு மாஸ்டர் போனார். இப்போது ஊர் முழுக்க நான் 'பட்டன்'. பட்டறைக்கு எஞ்சின் கொண்டு வருகிறவனும் "பட்டன் அண்ணை நிக்கிறாரோ?" என்றுதான் கேட்கிறான். கேட்டுவிட்டுப் போகட்டும். பன்னிரண்டு ஸ்கேலில் ஏழு பிடித்துவிட்டேன். முதலில் பிடித்தது ஈ ஃபிளாட்.

பாட்டுப் பழகும் நாட்களில், தொண்டை நன்றாக இருக்கும்போதே, அவள் திடீரென்று "அரைக்கட்டை குறையுங்கோ" என்பாள். நான் வியர்த்துக்கொண்டே குறைப்பேன். அவள் என் விரல்களைப் பார்த்துக்கொண்டே பாடுவாள்.