பட்டாணி அளவு ஆலங்கட்டி

டெல்மர் ஹுஸ்மன் தன் மனைவி லவோனுக்கு எண்ணூறு டாலர் கடன்பட்டிருந்தான்.

கட்டின மனைவிக்கு ஒருவன் கடன்படுவானா என்று கேட்பவர்கள் லவோனைப் பார்த்ததில்லை. வீட்டின் பின்னறையில் ஊர்ப் பெண்களுக்கு முடி வெட்டி, நகத்துக்குச் சாயம் பூசிச் சம்பாதித்த பணம் அது. குடும்பப் பணத்தோடு அதை அவள் ஒரு நாளும் சேர்த்ததில்லை. டெல்மர் அதை வாங்கித் தன் பழைய நாலு சீட்டு விமானத்துக்குச் சக்கரமும் பேட்டரியும் போட்டான். கொடுக்கும்போதே அவள் கெடு சொல்லிவிட்டாள்.

"செப்டம்பர்ல பேன்கேக் விருந்து முடியறதுக்குள்ள என் கைக்கு எண்ணூறு வரணும், டெல்மர். வரலைன்னா பக்கத்துக் கவுன்ட்டிக்காரன் ஒருத்தன் பார்ட்ஸுக்குக் கேக்கறான். பிரிச்சு எடுத்துக்கட்டும்னு சொல்லிடுவேன்."

"அது விமானம், லவோன். கோழி இல்ல, பிரிச்சு எடுக்க."

"கோழின்னா நானே பிரிச்சிருப்பேன்."

டெல்மரைப் பற்றி எழுதும் தகுதி இந்த வில்லோ ஃபோர்க் ஊரில் எனக்குத்தான் உண்டு. நான் எவரெட் ஸ்வோபோடா. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். வண்டி சீட்டுக்கு உறை தைக்கிற தொழிலை ஒரு ஓட்டைத் தையல் இயந்திரத்தோடு தொடங்கினேன். இன்று நெப்ராஸ்காவின் இந்தப் பக்கத்தில் அறுவடை லாரி ஓட்டுகிறவன் எவனானாலும் என் தையலின் மேல்தான் உட்கார்ந்து ஓட்டுகிறான். டெல்மர் வேறு தினுசு. ஆயுள் முழுக்கப் பண்ணைகளுக்குச் சமையல் வாயு டாங்கர் ஓட்டினான். பனிப்புயலில்கூட ஒரு வீட்டு அடுப்பை அணையவிட்டதில்லை. பொய் சொல்லத் தெரியாது. வேண்டாம் என்று சொல்லவும் தெரியாது. ஓய்வு பெற்ற அன்று யாரோ "விமானம் வேணுமா?" என்று கேட்டார்கள். அதற்கும் அவனுக்கு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை.

எங்கள் ஊர் விமானத் திடலில் வருஷத்துக்கு ஒரு பேன்கேக் விருந்து நடக்கும். சுற்று வட்டாரத்துச் சின்ன விமானங்கள் எல்லாம் வந்து இறங்கும். சொந்தக் கையால் பராமரித்த பழைய விமானங்களில் உள்பக்கம் எது சிறப்பு என்று பார்த்து ஒரு பரிசும் உண்டு. பரிசுத் தொகை எண்ணூறு டாலர். அந்த எண்ணூறைக் கொடுக்கிறவன் நான். விருந்தின் பலகையில் என் பெயர் எழுதியிருக்கும், திடலின் கடைசியிலிருந்து படிக்கிற அளவில். டெல்மருக்குக் கடனை அடைக்க இருந்த ஒரே வழி அந்தப் பரிசுதான்.

ஆனால் அவன் விமானத்தின் உள்பக்கம் பார்க்கச் சகிக்காது. கூரையோரம், சன்னலோரம், கதவு என்று சுற்றிலும் பிளாஸ்டிக் மூடிகள் போர்த்தியிருக்கும். ஐம்பது வருஷ வெயிலில் அவை கிழவன் பல்லைப் போல மஞ்சளாகிவிட்டன. கழற்றப் போனால் திருகாணி வந்தது, கூடவே மூடியின் பாதியும் வந்தது. இந்த வேலைக்கு மெக்கானிக்கின் கையெழுத்து வேண்டாம், சொந்தக்காரனே செய்துகொள்ளலாம் என்பது அரசாங்கம் கொடுத்த சலுகை. அரசாங்கம் டெல்மரைப் பார்த்ததில்லை.

விரிசலை அடைக்க ஒரு பக்குவம் எல்லோருக்கும் தெரியும். குழந்தைகள் அடுக்கி விளையாடும் பிளாஸ்டிக் கட்டிகளும் அந்த மூடிகளும் ஒரே சரக்கு. கட்டிகளை அசிட்டோனில் ஊறப்போட்டால் கரைந்து பசையாகும், அதை வைத்துப் பட்டி பார்க்கலாம். அசிட்டோனுக்கு லவோனின் நகச்சாயம் அழிக்கும் புட்டிகள் இருந்தன. கட்டிகளுக்காக ஊர் முழுக்கக் கேட்டான். லூத்தரன் சர்ச்சின் நிலவறையில் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது, எடுத்துக்கொள் என்று யாரோ சொல்ல, எடுத்துக்கொண்டான். அடுத்த ஞாயிறு பாதிரியார் அவன் வாசலில் நின்றார்.

"டெல்மர், பசங்க நோவாவோட கப்பல் கட்டி வச்சிருந்தாங்க. பாத்தியா?"

டெல்மர் ஊறுகாய் ஜாடியைக் காட்டினான். உள்ளே பழுப்பாக ஏதோ கொழகொழத்தது.

"மிருகங்களுமா?" என்றார் பாதிரியார்.

"ஒட்டகச்சிவிங்கி கரைய மாட்டேங்குது, ஐயா."

பட்டி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கினான். அங்கேதான் கோளாறு. கம்பெனி மூடி வழவழப்பாக இருக்காது. தோல் போலப் புள்ளிப் புள்ளியாகச் சொரசொரப்பு இருக்க வேண்டும். தேய்த்த தேய்ப்பில் அது மொத்தமாகப் போயிருந்தது. "வெளிய சொல்லாதே, எவரெட்," என்றான். நான் சொல்லவில்லை. ஊருக்குத் தானாகவே தெரிந்துவிட்டது.

ஜூலை மாதம், கோதுமை நிறத்தில் பெயிண்ட் வாங்கி மூடிகளுக்கு அடித்தான். அவசரக்காரன், தடிமனாக அடித்துவிட்டான். எல்லாவற்றையும் துணி காயப்போடும் கொடியில் தொங்கவிட்டான். ஜூலை பிற்பகலில் ஈரப் பெயிண்டை வானத்துக்குக் கீழே தொங்கவிடும் தைரியம் எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்தவனுக்குத்தான் வரும். பழகிப்போன அலட்சியம் அது. கதவு மூடியை மட்டும் லவோனுக்கு நிறம் காட்டுவதற்காக வீட்டுக்குள் எடுத்துப் போனான்.

அவன் சமையலறையில் நிற்கும்போது ஆலங்கட்டி பெய்தது. கொஞ்ச நேரம்தான். ஓடிப்போய்ப் பார்த்தால், பாதி காய்ந்த பெயிண்டில் மூடிக்கு மூடி குழிக் குழியாகப் புள்ளிகள், ஒரே சீராக. கம்பெனிக்காரன் வந்து பதித்துவிட்டுப் போனாற்போல் இருந்தது.

டெல்மர் எனக்குப் போன் செய்தான். நான் போய்த் தடவிப் பார்த்தேன். தோலும் ரெக்சினும் நாற்பது வருஷம் தடவிய கை இது. அப்படியொரு சொரசொரப்பை நான் பார்த்ததில்லை.

ஆனால் வீட்டுக்குள் இருந்த கதவு மூடி கண்ணாடி போல வழவழவென்று இருந்தது. விமானத்தில் ஏறுகிறவன் கண்ணில் முதலில் படுவதே கதவுதான். அதை மறுபடி சுரண்டி, அதே பெயிண்டைத் தடிமனாக அடித்துக் கொட்டகையில் வைத்துக்கொண்டு, டெல்மர் வானத்தைப் பார்த்தான். ஆகஸ்ட் முழுக்கப் பார்த்தான். மேகம் கறுத்தால் பெயிண்ட் அடிப்பான். வெளுத்தால் சுரண்டுவான்.

ஒரு நாள் காலை திடல் காபி மேசையில் வாய் தவறவில்லை, நிதானமாகவே சொன்னான்.

"இன்னும் ஒரே ஒரு தடவ ஆலங்கட்டி பெஞ்சா நல்லா இருக்கும்."

மேசையில் ஏழு பேர் சோளம் போட்டவர்கள். அவர்களில் ஒருவனான ரூடி கோப்பையைக் கீழே வைத்தான். ஜூலை ஆலங்கட்டியில் அவன் சோளத்தின் இலை எல்லாம் நார் நாராகக் கிழிந்திருந்தது.

"என்ன சொன்னே?"

"சின்னதாத்தான், ரூடி. என் வீட்டு மேல மட்டும்."

"மேகத்துக்கு உன் வீட்டு விலாசம் தெரியுமாடா? எந்திரி. வெளிய போய் உக்காரு."

டெல்மர் தன் கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் பெட்ரோல் பம்பின் அருகே உட்கார்ந்தான். நாங்கள் உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அங்கேயும் அவன் வானத்தையே பார்த்தான்.

"வேண்டிக்கிறான் பாரு," என்றான் ரூடி. "பலிச்சுத் தொலைச்சிடப் போகுது."

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். படித்தவர்கள் யோசித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் முடிவுக்கு வருகிறவன் நான். "அவன் வேண்டிக்காம இருக்கணும்னா ஒரே வழிதான். நாமளே கொட்டிடுவோம்," என்றேன்.

"கொட்டகைக்குள்ள மட்டும்," என்றான் ரூடி.

பயிர்க் காப்பீட்டுக்கு ஆலங்கட்டி சேதம் பார்க்கிற வென்டலை வரவழைத்தோம். அவன் ஜூலைப் புயலை வயலில் நின்று அளந்தவன். ஒரு மூடியைக் கையில் வாங்கிக் கண்ணருகே வைத்துக்கொண்டு, "பட்டாணி அளவு. மேற்கிலேருந்து சாய்வா விழுந்திருக்கு," என்றான். சோளம் போட்ட ஏழு பேரும் தலையாட்டினார்கள்.

பட்டாணி அளவு ஆலங்கட்டிக்கு எங்கே போவது? ஐஸை உடைத்துப் பார்த்தோம். ஒன்று செங்கல்லாக வந்தது, இல்லாவிட்டால் மாவாக வந்தது. டெல்மர் எழுந்து வீட்டுக்குப் போனான். உறைய வைத்த பட்டாணிப் பைகளைக் கை நிறைய அள்ளிக்கொண்டு வந்தான்.

விதை தூவுகிற கைக்கருவியை ரூடி தன் வண்டியிலிருந்து எடுத்து வந்தான். ஏணி மேல் ஏறி நின்று கைப்பிடியைச் சுற்றினான். கீழே வென்டல், பெயிண்ட் பாதி காய்ந்திருந்த கதவு மூடியை மேற்குச் சாய்வில் பிடித்தான்.

"மெதுவா, ரூடி. அன்னிக்குக் காத்து இவ்வளவு இல்ல."

"என் சோளத்துல இருந்துச்சு."

"நான் வயல்ல நின்னேன்."

"நஷ்டஈடு எழுதறப்பயும் இப்படித்தான் பேசினே."

சுற்றினான். கொட்டகையெல்லாம் பட்டாணி. ஆலங்கட்டியை வாழ்நாள் முழுக்கச் சபித்தவர்கள் ஏணியைச் சுற்றி நின்று, "இடது பக்கம் பத்தல, இன்னும் கொஞ்சம் கொட்டு," என்று கத்தினார்கள். முடிந்ததும் மூடியைத் தட்டி உதறினோம். அச்சு அசல் ஜூலை மாதத்துப் புள்ளிகள். ஒரே ஒரு பட்டாணி மட்டும் கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வரவில்லை. பிடுங்கினால் பெயிண்டும் உரிந்து வரும். டெல்மர் அதன் மேலேயே கோதுமை நிறத்தைப் பூசிவிட்டான்.

பேன்கேக் விருந்தன்று பரிசுக்கு நடுவராக வந்தவர் மிஸ் ஓபல். விச்சிட்டாவில் விமானக் கம்பெனி ஒன்றில் இதே மூடிகளை அச்சில் அழுத்தும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒமாஹா பல் டாக்டர் ஒருவரின் விமானத்துக்குள் முதலில் எட்டிப் பார்த்தார். உள்ளே எல்லாம் உயர்ந்த தோல். "இது சோபா," என்று சொல்லி இறங்கிவிட்டார்.

டெல்மரின் விமானத்துக்குள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு கூரையோரத்தைத் தடவினார்.

"எங்க அச்சுல இப்படி வராது, தம்பி. எங்க அச்சுல ஒரே புள்ளி திரும்பத் திரும்ப வரும். இதுல எந்த ரெண்டு புள்ளியும் ஒரே மாதிரி இல்லையே. எப்படிப் பண்ணீங்க?"

டெல்மர் என்னைப் பார்த்தான். நான் ரூடியைப் பார்த்தேன். ரூடி பேன்கேக்கைப் பார்த்தான்.

மிஸ் ஓபலின் கை கதவுக்கு வந்தது. கைப்பிடிக்குப் பக்கத்தில் நின்றது.

"இது என்ன?"

வேறு எவனாக இருந்தாலும் திருகாணி என்று சொல்லியிருப்பான்.

"பட்டாணி, மிஸ் ஓபல்."

"எதுக்கு?"

"ஆலங்கட்டிக்கு."

லவோன் சற்றுத் தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் பின்னால் பக்கத்துக் கவுன்ட்டிக்காரன் கருவிப் பெட்டியோடு தயாராக வந்திருந்தான். டெல்மர் கதவைத் தொட்டுக்கொண்டு நின்றான், கடைசியாகத் தொடுகிறவனைப் போல.

மிஸ் ஓபல் அந்தப் பட்டாணியை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"வேலைக்குச் சேர்ந்த புதுசுல என் கொண்டை ஊசி ஒண்ணு அச்சுக்குள்ள விழுந்துடுச்சு. யாருக்கும் சொல்லல. யாரோட விமானத்துலயோ அது இன்னும் பறந்துக்கிட்டிருக்கு." எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "இதுக்கே குடுத்துடுங்க."

பக்கத்துக் கவுன்ட்டிக்காரன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பேன்கேக் வரிசையில் போய் நின்றான்.

பரிசை என் கையால்தான் கொடுப்பேன். காசோலை கொடுக்கிற வழக்கம் என்னிடம் இல்லை, எல்லோரும் பார்க்க ரொக்கமாகத்தான் கொடுப்பேன். டெல்மர் கையை நீட்டினான். அதற்கு முன்னால் இன்னொரு கை வந்து நின்றது. லவோனுடையது. எண்ணூறையும் அவள் உள்ளங்கையில் நோட்டு நோட்டாக எண்ணி வைத்தேன். டெல்மர் மூச்சு விட்டான்.

அவள் கையை மூடவில்லை.

"என்ன லவோன், சரியா இருக்கே?" என்றேன்.

"என் பட்டாணி, எவரெட். கிறிஸ்துமஸுக்குன்னு ஃப்ரீசர்ல வச்சிருந்தேன். ஆறு பை."

டெல்மர் சட்டைப் பைகளைத் தடவினான். ஒன்றும் இல்லை. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது, பலகையில் என் பெயர் வேறு. நான் என் சொந்தப் பர்ஸைத் திறந்து, பைக்கு இரண்டு டாலராகப் பன்னிரண்டையும் அந்த உள்ளங்கையில் ஒவ்வொன்றாக எண்ணி வைத்தேன்.