அக்கா தந்த மன்னிப்பு

என் அக்கா தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவள். ஊரில் யாருக்கு என்ன நம்பர், யார் யாரோடு பேசுவதில்லை, எல்லாம் அவளுக்கு விரல் நுனியில். வீட்டிலும் அப்படித்தான். யார் எப்போது முகம் சுளித்தார்கள் என்பதைக்கூட மறக்கமாட்டாள். அவளுக்குப் பயந்தே நாங்கள் ஒழுங்காக வளர்ந்தோம்.

அவளும் நானும் பல வருஷம் பேசிக்கொள்ளவில்லை. காரணம் அவள்தான். என் மகள் கல்யாணத்தில் சம்பந்தியம்மாவிடம் போய், "பொண்ணு தங்கம்தான். குறட்டைதான் கொஞ்சம் பலமா விடுவா" என்றாள். "கொஞ்சம் வாயை மூடறியா?" என்றேன். நான் என்ன, யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அவள் சாப்பிடாமலே கிளம்பிப் போய்விட்டாள்.

போன வருஷம் திடீரென்று வாசலில் வந்து நின்றாள். "என்னடி, ஆளையே காணோம்?" என்று கேட்டுவிட்டு நேரே சமையலறைக்குப் போய் டீ போட்டாள். சண்டை மறந்துபோயிருந்தது. அடுப்பை அணைக்கவும் மறந்துபோயிருந்தது. கூட்டிப் போய்க் காட்டினேன். மறதி நோய் என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, "தியானமும் பண்ணிப் பாருங்க, கெடுதல் ஒண்ணுமில்ல" என்றார்.

எனக்கு வயிறு எரிந்தது. இத்தனை வருஷம் நான் காத்திருந்தது 'தப்புதான்டி' என்று அவள் வாயால் கேட்பதற்கு. செய்ததையே மறந்தவள் எப்படி மன்னிப்புக் கேட்பாள்? என்னையே மறப்பதற்குள் அதை வாங்கியாக வேண்டும் என்று உடனே தியான வகுப்பில் சேர்த்துவிட்டேன். "தங்கச்சின்னா இப்படி இருக்கணும்" என்று சொந்தக்காரர்கள் உருகினார்கள். நானும் அடக்கமாகச் சிரித்து வைத்தேன்.

வகுப்பு நூலகத்து மாடியில், பிளாஸ்டிக் நாற்காலிகளில். மாஸ்டர் ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். "அமைதி!" என்று அவர் போடும் சத்தத்தில் தூங்கியவர்களும் எழுந்துவிடுவார்கள். கண்ணை மூடியதும் அக்காவின் கை தானாகக் காதுக்குப் போய், இல்லாத ஹெட்போனைச் சரிசெய்யும். "மூச்சைக் கவனிங்கம்மா" என்பார் மாஸ்டர். "லைன் பிஸி. கொஞ்சம் இருங்க" என்பாள். நான் பக்கத்தில் ஒற்றைக் கண்ணைத் திறந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் லைன் கிடைத்தது.

"கல்யாணத்துல நடந்தது ஞாபகம் வந்துடுச்சுடி."

இரண்டு கண்ணையும் திறந்துவிட்டேன். "சொல்லுக்கா."

"அத்தனை பேர் முன்னாடி என்னை வாயை மூடுன்னு சொன்னே. போகட்டும். நான் உன்னை மன்னிச்சுட்டேன்."

அடிப்பாவி! இவள் என்னை மன்னிக்கிறாளாம்! "அப்ப அந்தக் குறட்டை?" என்று கத்தினேன். "அது உண்மைதானே" என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். மாஸ்டர் என்னைப் பார்த்து "அமைதி!" என்றார்.

மன்னித்தது மறுநாளே மறந்துவிட்டது. மறுபடி மன்னித்தாள். அப்புறம் வகுப்புக்கு வகுப்பு இதே கதை. வீடு வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டே வருவேன்.

போன வாரம் அவள் மகன் வெளியூரிலிருந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். "புதுசா சேர்ந்திருக்கீங்களா தம்பி?" என்று மரியாதையாகக் கேட்டாள். அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, என்னையே உற்றுப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கடவுளே, அந்தச் சண்டையாவது ஞாபகம் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"அத்தனை பேர் முன்னாடி..." என்று ஆரம்பித்தாள்.

"ஆமாக்கா," என்றேன், அவள் கையைப் பிடித்துக்கொண்டு. "நான்தான்க்கா. நான்தான் அது."