உப்புக்கறைக்கு டபுள் பவர்

1. தும்மல்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே முதலாளி தொழில் ரகசியத்தைச் சொல்லிவிட்டார். திருச்செங்கோட்டில் ஒரு தகர ஷெட். ஒரு மூலையில் பாத்ரூம் ஆசிட், எதிர் மூலையில் பிளீச்சிங் பவுடர் மூட்டைகள், நடுவில் பினாயில் டிரம். அதில் எசென்ஸைக் கவிழ்த்தார். எலுமிச்சம்பழத்தைக் கண்ணால்கூடப் பார்த்திராத எலுமிச்சை வாசம் எழுந்தது. தும்மினேன்.

"தும்முனியா? அப்ப சரக்கு ரெடி. ஊடு சுத்தமான்னு சனங்களுக்குக் கண்ணு சொல்லாது, மூக்குதான் சொல்லோணும். கண்ணும் சேந்து எரிஞ்சா இன்னும் நல்லது. மருந்து வேலை செய்யுதுன்னு நம்புவாங்க."

ஆக, தும்மலும் இருமலும்தான் எங்கள் தரச் சான்றிதழ்.

எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீரில் பாதி உப்பு. காலையில் குளித்தால் குளியலறைச் சுவரில் மாலைக்குள் வெள்ளை பூத்துவிடும். ஊர் ஊராகப் போய்ப் பாறையைத் துளைக்கும் ரிக் லாரிகளின் ஊர், சொந்த வீட்டு டைல்ஸ் கறையிடம் தோற்றது. அந்தத் தோல்வியில்தான் என் சம்பளம். கூல்டிரிங்ஸ் பாட்டில்களில் ஆசிட்டை நிரப்பி, ஆறு வருஷம் மொபெட்டில் தெருத்தெருவாக விற்றேன். குழந்தை எடுத்துக் குடித்துவிட்டால் என்று யாரும் கேட்கவில்லை. நாங்களும் நினைவூட்டி வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்ளவில்லை.

முதலாளி வீட்டுக் குளியலறைக்குள் மட்டும் எங்கள் சரக்கு ஒரு சொட்டும் போனதில்லை. அங்கே சுவரைத் துடைக்க ஒரு பழைய வேட்டித் துணி தொங்கும்.

2. சரசக்கா

சரசக்கா என் வாடிக்கையாளர். வள்ளி கும்மிக் குழுவின் முதல் குரல். அவர் ஒரு வரி எடுத்துக் கொடுத்தால் முப்பது பெண்கள் திருப்பிப் பாடி அடி வைப்பார்கள். கோயில் திடலில் அரங்கேற்றம் நெருங்கியது. வெளியூர்ப் பெண்கள் அவர் வீட்டில்தான் தங்க வருகிறார்கள்.

"ஏந் தம்பி, உன்ற ஆசிட்ட ஊத்தி என்ற கைதான் வெந்துபோச்சு. கறை குத்துக்கல்லாட்டம் குந்தியிருக்குது. வர்றவளுக என்ன நெனப்பாளுக?"

யோசித்துப் பதில் சொல்ல எனக்குச் சம்பளம் தரவில்லையே.

"ஆசிட்ட ஊத்தி, அதும்மேல பிளீச்சிங் பவுடரத் தூவுங்கக்கா. டபுள் பவரு. கதவச் சாத்திக்கிட்டுத் தேச்சீங்கன்னா பவரு வெளிய போகாதுங்க."

ஷெட்டில் அந்த இரண்டையும் ஏன் எதிரெதிர் மூலையில் வைத்திருந்தோம்? கேட்டதே இல்லை.

அடுத்த தெருவுக்குப் போய்த் திரும்புவதற்குள் கூச்சல். நானும் அக்காவின் வீட்டுக்காரரும் கதவை இடித்துத் திறந்தோம். பச்சையும் மஞ்சளுமாக ஒரு புகை. வெளியே இழுத்துப் போட்டதும் அக்கா வாயைத் திறந்து காற்றைத் தேடினார். கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கத்தினார். "ரெண்டையும் கலந்தா குளோரின் வாயு. எந்த மேதை சொல்லிக் கொடுத்தது?"

அக்கா என்னைப் பார்த்தார். பேச வரவில்லை. அதனால் நான் தப்பித்தேன்.

முதலாளியிடம் சொன்னபோது அவர் அசரவில்லை. "நம்ம சரக்குல கொறையில்லீல்ல? அது போதும். கதவச் சாத்தச் சொன்னதுதான் தப்பு."

3. அரங்கேற்றம்

அக்கா பிழைத்துவிட்டார். அரங்கேற்றத்தன்று கடைசி வரிசையில் நின்றார். முதல் வரியை வேறொருத்தி எடுத்தாள். அக்கா வாய் திறக்காமல் கைகளை மட்டும் தட்டி ஆடினார். இரண்டாம் சுற்றில் மூச்சு வாங்கி, ஓரமாகப் போய் உட்கார்ந்தார். மறுநாள் நான் வேலையை விட்டேன். ஆறு வருஷம் தாமதமாக.

இன்று சூரமங்கலத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான்: எதையும் எதோடும் கலக்காதே. ஜன்னலைத் திற. தின்பண்டம், குளிர்பானம் வந்த பாட்டிலில் எதையும் ஊற்றாதே. வாசம் வேண்டுமென்றால் பூ வாங்கு.

போன மாதம் அக்காவைப் பார்க்கப் போனேன். குரல் திரும்பியிருக்கிறது, உப்புத்தாள் உரசுவது போல. சுவரில் அதே வெள்ளை.

"குளிச்சதும் ஒரு துணியில செவத்தத் தொடச்சிருங்கக்கா. தண்ணி காஞ்சாத்தான் உப்புப் பூக்கும். ஆசிட்டே வேண்டாமுங்க."

"அடப்பாவி! இத்தன வருசமா இது தெரியாமயா எனக்கு ஆசிட்டு வித்த?"

"தெரியுமுங்கக்கா."

அக்கா சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலாக உடைந்தது. அது அடங்கும்வரை தலையைக் குனிந்து நின்றேன். அடங்க வெகுநேரம் ஆனது.