செடிக்கு நின்ற பிணை

எங்கள் குசினி மேசை லாச்சியில், கரண்டிகளோடு, பழைய பாண் கத்தி ஒன்று கிடக்கிறது. மரப்பிடி வெடித்ததால் நூல் சுற்றி இறுக்கி வைத்திருக்கிறேன். பல்லெல்லாம் மழுங்கிவிட்டது. இப்போது அது காலையில் சாப்பிடுகிற பாணை வெட்டாது, பிய்க்கும். அம்மா அதைக் குப்பையில் போடுவதும் நான் எடுத்துக் கழுவித் திரும்ப வைப்பதுமாகக் காலம் போய்விட்டது. பிள்ளைகளே, அந்தக் கத்தியைப் பற்றி உங்களுக்கு ஒரு கதை தெரியும். அப்பாவும் ஒரு அண்ணையும் ஜேர்மனிக்கு வந்த புதிதில் ஒரு செடியை வெருட்டப் போய்ப் பொலிஸ் வந்த கதை. பிறந்தநாள் வீடுகளில் நானே அதை நடித்துக் காட்டியிருக்கிறேன். எல்லோரும் சிரித்ததும் பேச்சு வேறு பக்கம் போய்விடும். நானும் அதோடு நிறுத்திவிடுவேன். நிறுத்திய இடத்துக்கு அங்காலும் கதை இருக்கிறது. நான் பெரிய படிப்புப் படித்தவனல்ல, எனக்கு வந்தபடி எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசி அது. கொலோனுக்கு வெளியே ஒரு பழைய வீட்டின் கீழ் அறையில் நானும் அண்ணையும் இருந்தோம். அண்ணை சொந்தம் இல்லை, ஒரே விமானத்தில் வந்த பழக்கம். ஊரில் புகையிலைத் தோட்டம் செய்தவர். இங்கே இரண்டு பேரும் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினோம். மேல் அறையில் ஒரு ஜேர்மன் பொடியன் இருந்தான். தோள் வரைக்கும் தலைமயிர், காலில் எப்போதும் கிழிந்த சப்பாத்து. ஆசிரியர் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தபடியால் நாங்கள் அவனுக்கு மாஸ்டர் என்று பெயர் வைத்தோம். வைத்த பிறகு ‘அவன்’ என்று சொல்ல வாய் வரவில்லை, அவர் ஆகிவிட்டார். ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன மரியாதை என்று அண்ணை சொல்ல நான் எனக்கு வந்த ஜேர்மனில் விளங்கப்படுத்தியபோது அவருக்குக் காது சிவந்துவிட்டது. எங்களுடைய Antrag படிவமெல்லாம் நிரப்பித் தந்தவர் அவர்தான். கந்தோரில் எங்களுக்கு Termin குறித்த நாள் என்றால் தன் வகுப்பை விட்டுவிட்டு எங்களோடு வந்து வரிசையில் நிற்பார். சம்பளமாகக் கேட்டது அண்ணையின் பருப்புக் கறியைத்தான்.

வீட்டுக்குப் பின்னால் மாஸ்டர் போஞ்சிக் கொடிகளுக்கு நடுவில் ஒரு கஞ்சாச் செடி வளர்த்தார். ஒளிப்பதற்கில்லை, அது கஞ்சா என்று எங்களுக்கு முதல் நாளே தெரியும். எனக்கு அது பிடிக்கவும் இல்லை. ஆனால் அண்ணை பயிர் பார்த்த மனிதர். செடி எதுவென்றாலும் அவருக்குக் கை சும்மா இருக்காது. கோடை முடியப் போகிறது, செடி ஆள் உயரம் தாண்டி நிற்கிறது, பூவைக் காணோம். பனி கொட்டுவதற்கு முன் பூக்காவிட்டால் எல்லாம் வீண் என்று மாஸ்டர் ஒவ்வொரு நாளும் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். வருகிற சிநேகிதர்கள் ஆளுக்கொரு சாத்திரம் சொல்வார்கள். வெட்டுவதற்கு முன் தண்ணீர் காட்டாதே என்பான் ஒருவன். இரண்டு நாள் இருட்டில் வை என்பான் மற்றவன். தண்டில் ஆணி அடித்தால் செடி பயந்து வீரியத்தைப் பூவுக்கு அனுப்பும் என்றும், பிடுங்கி வேரைக் கொதிநீரில் வைத்தால் சத்தெல்லாம் மேலே ஏறும் என்றும், தலைகீழாகத் தூக்கினால் சாறு பூவுக்கு இறங்கும் என்றும் சொன்னார்கள். ஒரு பெண் செடிக்குப் பாட்டுப் போட வேண்டும் என்று ரேடியோவையே கொண்டுவந்து வைத்தாள்.

நான் தமிழில் திருப்பிச் சொல்ல, அண்ணை இவற்றையெல்லாம் கேட்டுத் தலையாட்டுவார். “தண்ணி விடாமல் காயவிடுறது சரி, புகையிலைக்கும் அப்பிடித்தான். மற்றதெல்லாம் விசர்க்கதை” என்பார். சொல்லிவிட்டு, கண்ணூறு படாமல் ஒரு பழைய சட்டிக்கு வெள்ளைப் பொட்டு வைத்துச் செடிக்குப் பக்கத்தில் கவிழ்த்தார். அவருக்கு அது விசர்க்கதை இல்லை. எனக்கும்தான்.

ஊரில் காய்க்காத மாமரத்துக்கும் பலாவுக்கும் செய்கிற ஒரு வேலை உண்டு. ஒருவர் கோடரியோடு போய், வெட்டப் போகிறேன் என்று மரத்தை வெருட்டுவார். இன்னொருவர் குறுக்கே பாய்ந்து கையைப் பிடித்து, இந்த முறை விடுங்கோ, அது காய்க்கும், நான் பிணை என்று சொல்ல வேண்டும். மரம் வெட்கப்பட்டுக் காய்க்கும் என்பது நம்பிக்கை. மாஸ்டருக்கு நாங்கள் பட்ட நன்றிக்கு வேறு என்ன செய்யத் தெரியும்? ஒரு சனிக்கிழமை பின்னேரம் அண்ணை குசினியிலிருந்து பாண் கத்தியை எடுத்தார்.

“செடிக்குத் தமிழ் விளங்குமா?” என்று மாஸ்டர் கேட்டார்.

“வெட்டு எண்டால் எல்லாச் சாதிச் செடிக்கும் விளங்கும். நீர் சிரிக்காமல் நில்லும்” என்றார் அண்ணை. பிறகு ஒரு சத்தம் போட்டார் பாருங்கள்! “உண்ட தண்ணிக்கும் உரத்துக்கும் கணக்கில்லை, ஒரு பூ இல்லை! இண்டைக்கு உன்னைத் துண்டு துண்டாய் வெட்டி எறியிறன்!”

நான் பாய்ந்து அவருடைய கையைப் பிடித்தேன். “ஐயோ அண்ணை, வேண்டாம்! விடுங்கோ! பூக்கும், கட்டாயம் பூக்கும், நான் பிணை!” அண்ணை உண்மையாகவே திமிறினார். அவருக்கு நடிக்கத் தெரியாது. மாஸ்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லில் இருந்துவிட்டார்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வயதான அம்மா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை. கறுத்த மனிதர் ஒருவர் கத்தியை ஓங்குகிறார், இளம் பொடியன் ஒருவன் உயிருக்குக் கெஞ்சுகிறான் என்றுதான் அவருக்குப் பட்டிருக்கும். என்னைக் காப்பாற்றத்தான் அவர் பொலிசுக்குப் போன் அடித்தார். பாவம், அவரில் பிழை சொல்ல ஏலாது.

நீங்கள் சிரிப்பது இந்த இடம் வரைக்கும்தான். இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள். மாஸ்டர் கத்தியின் கதையை விளங்கப்படுத்த, அவர்களும் சிரித்தார்கள். பிறகு அதில் மூத்தவர், எந்தச் செடியை என்று கேட்டு நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பு நின்றது. “என்னுடையது” என்றார் மாஸ்டர், யாரும் கேட்பதற்கு முன்பே. “இவர்களுக்கு இது என்ன செடி என்றே தெரியாது.” மூத்தவர் என்னைப் பார்த்தார். நான் தெரியாது என்றேன். அண்ணையும் தெரியாது என்றார். செடியைச் சாய்த்து வெட்டியபோது நுனிக் கிளையில் வெள்ளை மயிர் மாதிரிப் பூ விடத் தொடங்கியிருந்தது தெரிந்தது. இலைக்குள் மறைந்து கிடந்ததை நாங்கள் யாருமே காணவில்லை. அந்த நிலையிலும் மாஸ்டர் அண்ணையைத் திரும்பிப் பார்த்து, தமிழில், “ஓம்! பூ!” என்று ஒப்புக்கொண்டார்.

சில கிழமை கழித்து அவர் எங்கள் அறைக்கு வந்தார். வீட்டுக்கு நிறையப் பேர் வந்து போனதால் அவர் கஞ்சா விற்றார் என்று வழக்கில் எழுதியிருக்கிறார்களாம். சிநேகிதர்கள் ஒருவரும் முகம் காட்டவில்லை. அந்த வீட்டில் கூட இருந்தவன், ஒருவரும் காசு கொடுத்து வாங்கவில்லை, அது ஒரு ஆளின் ஒரு செடி என்று வந்து சொன்னால் உதவி என்று வழக்கறிஞர் சொன்னாராம். விற்றதாகத் தீர்ப்பானால் பள்ளிக்கூடத்துப் படலை தனக்குத் திறக்காது என்றார். அவர் கெஞ்சவில்லை. பருப்புக் கறி இருக்கிறதா என்று கேட்கிற குரலில்தான் கேட்டார்.

எனக்கு அகதி விசாரணை வரவிருந்த நேரம் அது. செடி தெரியாது என்று பொலிசுக்குச் சொன்னவன், மன்றில் போய்த் தெரியும் என்று எப்படிச் சொல்வது? திருப்பி அனுப்பிவிட்டால்? அண்ணை சுவரைப் பார்த்தபடி, “அவனை நீர் கேக்காதையும் மாஸ்டர், நான் வாறன்” என்றார். அவருக்கு ஜேர்மன் பத்துச் சொல் வராது, அவருடைய அகதி அலுவலும் என்னுடையதைப் போலவே தொங்கிக்கொண்டிருந்தது. மாஸ்டர் அதை மறுத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான், “ஏலாது” என்றேன். ஜேர்மனில் சொல்ல வாய் வரவில்லை. அந்தச் சொல் அவருக்குத் தெரியும், எங்களிடம் படித்ததுதான். “ஏலாது. ஓம்” என்று சொல்லித் தோளில் தட்டிவிட்டு மேலே போனார். என் விசாரணை நாளன்றும் என்னோடு வந்து வரிசையில் நின்றார்.

விற்றதாகவே தீர்ப்பானது. படித்த படிப்பு அவருக்கு உதவவில்லை. குளிர் தொடங்க வீட்டை விட்டுப் போனார், குசினிச் சாமானை, அந்தப் பாண் கத்தியோடு, எங்களுக்கு விட்டுவிட்டார். பிறகு ஒருமுறை ஸ்டேஷன் வாசலில் கண்டேன். டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தார். நான் பழக்கத்தில் “மாஸ்டர்!” என்று கூப்பிட்டுவிட்டேன். திரும்பிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்கக் கூடாது என்று அதற்குப் பிறகு நான் அந்த வாசலால் போவதில்லை.

அந்தச் செடி நாள் குறுகி இரவு நீளத்தான் பூக்குமாம். ஆணிக்கோ பாட்டுக்கோ எங்கள் வெருட்டலுக்கோ அல்ல. பேசாமல் இருந்திருந்தால் தானாகவே பூத்திருக்கும். ஆனால் வெருட்டியதற்காக நான் வருந்துவது குறைவு. அது அன்பில் செய்த விசர் வேலை. ஒரு செடிக்கு ஊர் கேட்கக் கத்திப் பிணை நின்றவன், எனக்காக வரிசையில் நின்ற மனிதனுக்கு ஒரு வார்த்தையால்கூடப் பிணை நிற்கவில்லை. அதுதான் எனக்குத் தீராமல் கிடக்கிறது.

இப்போது சட்டம் மாறிவிட்டது. எதிர்வீட்டுப் பல்கனியில் ஒரு பொடியன் பகிரங்கமாகவே வளர்க்கிறான். “பூக்குதில்லை, ஆணி அடிக்கச் சொல்கிறார்கள்” என்று போன கிழமை என்னிடமே குறைப்பட்டான். பொறு தம்பி என்று மட்டும் சொன்னேன்.

மூத்தவளே, நீ ஆசிரியையாக முதல் நாள் பள்ளிக்கூடம் போன காலை, புதுக் கத்தி இருக்க ஏன் அப்பா இதாலே பாணைப் பிய்க்கிறீங்கள் என்று சிரித்தாய். அதற்குப் பதில் இதுதான். நீ பார்க்கிற வேலையின் பெயரை நாங்கள் முதலில் வைத்தது யாருக்கு என்று இப்போது உனக்குத் தெரியும். கத்தி லாச்சியில்தான் கிடக்கிறது. நான் இருக்கும்வரை எறிய வேண்டாம் என்று அம்மாவுக்குச் சொல்.